நான் தூக்கிப் போட்ட ஊர்ப்பெயர்

எங்கள் குடும்ப வரலாற்றை முதலில் எழுதியவள் என் ஓரகத்தி. யார் எங்கே பிறந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டு நிறைய எழுதினாள். கோயில் விருந்தில் சொந்தமெல்லாம் அவளைப் புகழ, எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரமே அவள் நோட்டை வாங்கி, பழைய ஊர்ப்பெயர்களைத் தூக்கிவிட்டு, இன்றைய பெயர்களோடு கம்ப்யூட்டரில் அடித்தேன். கொள்ளுத்தாத்தா பிறந்த பலாமரத்துக்காடு இப்போது சோளக்காட்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் 'சோளக்காடு' என்றே போட்டேன். சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து என் மகளுக்குப் பல ஊர்கள் சேர்ந்த அரியூர் நாட்டிலிருந்து வரன் வந்தது. "எங்களுக்குப் பூர்வீகம் பலாமரத்துக்காடுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நான் மாற்றியது எனக்கே மறந்துபோயிருந்தது. என் கணவர் சுவரைப் பார்த்துவிட்டு, "நம்ம பூர்வீகம் வேற, அவிங்க பூர்வீகம் வேற. தாராளமாப் பண்ணலாம்" என்றார். ஓரகத்தியிடம் மட்டும் வேண்டுமென்றே நான் விவரம் சொல்லவில்லை.

நிச்சயத்தன்று காலை, விஷயம் கேள்விப்பட்டு நோட்டோடு ஓடி வந்தாள். "அக்கா, நம்ம கொள்ளுத்தாத்தாவும் அதே காடுதானுங்க, கும்புடற சாமியும் அதேதான். பங்காளிக்கா பொண்ணு குடுக்கறீங்க?"

எங்களில் பங்காளி என்றால் அண்ணன் தம்பி முறை, கல்யாணம் கூடாது. நிச்சயம் நின்றது.

இப்போதெல்லாம் சொன்னவர் சொன்ன பழைய பெயரை முதலில் எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் போடுகிறேன். அவளிடமே காட்டிச் சரிபார்க்கிறேன். அவள் தப்புக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் இன்னமும் வயிறு எரியத்தான் செய்கிறது.