பிள்ளையார்பாளையத்தில் ஷிப்ட் மாறும் நேரம்

காலை வெயில் ஏறத் தொடங்குகிறது. ஊர் திரும்பப் பேருந்துக்காகப் பிள்ளையார்பாளையம் முனையில், டீக்கடை வாசலில் நிற்கிறேன். நெசவாளர் பகுதி இது; உள்தெருவில் எங்கோ தறியோசை கேட்கிறது. ஆனால் இங்கே நிற்பவர்கள் கழுத்திலெல்லாம் கம்பெனி அடையாள அட்டைதான் தொங்குகிறது.

பக்கத்தில் நிற்கும் இளைஞரின் கழுத்திலும் அட்டை. தோளில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கையில் சோற்று டப்பா. வேலைக்குப் போகிறவருக்குக் குழந்தை எதற்கு? கேட்டே விடுகிறேன்.

"இவங்கம்மா நைட் ஷிப்ட் முடிச்சு வந்துக்கினு இருக்குது சார். பாப்பாவ அது கையில குடுத்துட்டு நான் பஸ் ஏறணும். அது வேற கம்பெனி, நான் வேற கம்பெனி."

"ஞாயித்துக்கிழமையாவது மூணு பேரும் ஒண்ணா இருப்பீங்க, இல்ல?" ஆறுதலாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு.

"இருப்போம் சார். ஆனா இவங்கம்மா கடைக்குப் போயிட்டு உள்ள வந்தாக்கூட, பாப்பா என் செருப்ப எடுத்தாந்து கால்கிட்ட வச்சிடுது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்ல இருக்கலாம்னே அதுக்குத் தெரில." சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

வெள்ளைப் பேருந்து ஒன்று வந்து நிற்கிறது. தூக்கம் கெட்டுச் சிவந்த கண்களோடு அவர் மனைவி இறங்கி வருகிறார்.

"கொழம்பு இருக்குது. சூடு பண்ணிக்க," என்கிறார் கணவர்.

"நீ சாப்ட்டியா?"

"ம்."

குழந்தை தோள் மாறுகிறது. அவருடைய பேருந்து இன்னும் வரவில்லை. மனைவியின் அருகிலேயே நிற்கிறார். அம்மாவின் தோளில் இருந்தபடி குழந்தை அதற்குள் அவருக்கு டாட்டா காட்டத் தொடங்கிவிட்டது.