வெள்ளை இடத்தில் பதினோரு புள்ளிகள்

தீவில், எங்கள் ஷாதிபூர் வீட்டில் அன்று காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆய்வகம் தேர்வுக்காகத் தந்த தரவை வைத்து, எலியின் சிறுநீரகத்திலிருந்து மெல்லியதாக வெட்டிய திசுத் துண்டில் எந்த ஜீன் எங்கே வேலை செய்கிறது என்று கணினியில் கண்டறிந்து, மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால்தான் சென்னை ஆய்வகத்தில் பயிற்சிக்கு இடம்.

உட்பகுதியில் இருக்கவேண்டிய ஜீன் என் படத்தில் வெளி ஓரத்தில் ஒளிர்ந்தது. புதிய கண்டுபிடிப்பு என்றே கூட அனுப்பவேண்டிய கடிதத்தில் எழுதிவிட்டேன். எழுந்து நடந்தேன். திரும்ப வந்து பார்த்தேன்.

இறால் உரித்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அரே அக்கா, சதையே இல்லாத எடத்துலயும் புள்ளி புள்ளியா எரியுது. இதையா மெயின்லேண்டுக்கு அனுப்பப் போற?"

திசுவுக்கு வெளியே, வெள்ளை இடத்தில், பதினோரு புள்ளிகள் இருந்தன. நுண்ணோக்கிப் படத்தில் உயரத்தை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். ஜீன் எங்கே வேலை செய்கிறது என்று காட்டும் புள்ளிகளை நான் கீழிருந்து மேலாக எண்ணி, படத்தின் மேல் தலைகீழாகப் பொருத்தியிருந்தேன். ஒரு வரியை மாற்றியதும் எல்லாம் திசுவுக்குள் போய் உட்கார்ந்தன; ஓரத்தில் ஒளிர்ந்த ஜீனும் உட்பகுதிக்கே திரும்பியது. கண்டுபிடிப்பு காணாமல் போயிற்று.

"புதுசா ஒண்ணுமே இல்லியா? அப்ப சீட் குடுப்பாங்களா?"

"தெரியலடி."

பாடப்புத்தகத்தில் உள்ளதே வந்திருக்கிறது என்று எழுதி, நாலரைக்கு அனுப்பினேன். பிறகும் அந்தப் படத்தைத் திறந்து திறந்து வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.