மேபல் மேல் போட்ட பழி

டெல்மர் ஹெவ்னர் வாயைக் குவித்துச் சீழ்க்கை அடித்தால் தாய் வான்கோழியே தன் குஞ்சென்று ஏமாந்து வரும் என்பது லாரல் ஃபோர்க் மலைப்பக்கம் முழுக்கப் பேச்சு. மற்றவர்கள் அந்தக் குரலை எழுப்ப மரப்பெட்டியைத் தேய்ப்பார்கள், பலகைக்கல்லைக் கீறுவார்கள். டெல்மருக்கு உதடும் நாக்கும் போதும்.

இலையுதிர் கால வேட்டைக்கு ஒரு நல்ல நாயும் வேண்டும். டெல்மரிடம் மேபல் இருந்தது. முகடு முகடாக ஓடித் தேடும். வான்கோழிக் கூட்டத்தைக் கண்டதும் குரைத்தபடி நடுவில் பாய்ந்து நாலாபுறமும் சிதறடிக்கும். குரைப்பு கேட்ட இடத்துக்கு டெல்மர் ஏறிப்போய் ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்காருவார். மேபல் பக்கத்தில் சாக்குக்குள் புகுந்து அசையாமல் படுத்துக்கொள்ளும். சிதறிய பறவைகள் சற்று நேரத்தில் ஒன்றையொன்று தேடி மெல்லிசாகக் கூப்பிடத் தொடங்கும். டெல்மர் பதில் கொடுப்பார். மாதாகோவிலின் அறுவடை விருந்தில் ஒவ்வொரு வருஷமும் நடு மேஜையில் இருப்பது அவர் கொண்டுவந்த பறவைதான்.

பதினேழு வயதில் மரம் அறுக்கும் மில்லில் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை அந்த ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். காது ஒரே நாளில் போகவில்லை. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. காட்டில் அவர் கூப்பிடுவார், பதில் வராது. பறவைகள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் தூரத்து முகட்டிலிருந்து மேபல் குரைப்பதும் கேட்காமல் போயிற்று. குரைத்துக் குரைத்துப் பார்த்துவிட்டு, நாக்குத் தொங்க அது திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்க்கும்.

இரண்டு இலையுதிர் காலம் அவர் வெறுங்கையோடு வந்தார். மனைவி ஆர்லெட்டாவின் தம்பி ராய்ஸ்தான் அவருக்கு வேட்டைத் துணை. தபால் வண்டி ஓட்டுகிறவர். முழங்காலில் அறுவை நடந்ததால் அந்த இரண்டு வருஷமும் அவர் மலையேறவில்லை. என்ன ஆயிற்று என்று ராய்ஸ் கேட்டார். செவிடாகிவிட்டேன் என்று சொல்ல டெல்மருக்கு வாய் வரவில்லை.

"நாய் கெட்டுப்போச்சு ராய்ஸ். கூட்டத்தைக் கண்டாலும் வாயே தொறக்க மாட்டேங்குது."

"மேபலா? நம்பவே முடியலையே. சரி, எங்கிட்ட குடு. வீட்டோட கிடக்கட்டும்."

டெல்மர் கொடுத்துவிட்டார். வண்டியில் ஏற்றும்போது அதன் கண்ணைப் பார்க்கவில்லை. முழங்கால் சரியான பிறகும் ராய்ஸ் அதை முன்வாசல் தூணில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் மலையேறினார். டெல்மர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே நம்பும்போது அவர் மட்டும் எப்படிச் சந்தேகப்படுவார்?

மூன்றாம் வருஷமும் விருந்து நெருங்கியது. பாதிரியார், "டெல்மர், இந்தத் தடவை ஏமாத்திடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு டெல்மரைக் குத்தியது. மேட்டில் இடிந்து கிடந்த பழைய வீட்டுப் புகைபோக்கியின் பின்னால் ஒரு மூட்டை உடைத்த மக்காச்சோளத்தைக் கொண்டுபோய் இறைத்தார். தீனி போட்டு வான்கோழி சுடுவது சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அப்படிச் செய்கிறவனோடு அந்த மலையில் யாரும் சேர்ந்து உட்கார்ந்து காப்பி குடிக்கமாட்டார்கள். அப்படிச் செய்தவர்களை டெல்மரே எத்தனையோ தடவை காறித் துப்பியிருக்கிறார். சில நாள் கழித்துப் போய் ஒளிந்திருந்து, தலை குனிந்து கொத்திக்கொண்டிருந்த ஒரு கோழியைச் சுட்டார். அது தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

வீட்டில் ஆர்லெட்டா தொட்டியில் வைத்து அதைச் சுத்தம் செய்தாள். அந்தப் பருவத்தில் வான்கோழியின் இரைப்பையைக் கீறினால் ஓக் கொட்டையும் காட்டுத் திராட்சையும் வெட்டுக்கிளியும் வரும். இதில் மஞ்சள் மஞ்சளாய்ச் சோளம் கொட்டியது. அந்த மலைமேல் சோளக்காடு கிடையாது. இது எங்கிருந்து வந்தது என்று அவள் திரும்பாமலே கேட்டாள். டெல்மர் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் கேட்டாள். கடைசியில் ஈரக் கையோடு அவர் முன்னால் வந்து உள்ளங்கையை விரித்தாள்.

"யாராவது மானுக்குப் போட்டிருப்பாங்க" என்றார் டெல்மர்.

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். பறவையை நன்றாகவே வறுத்தாள். 

விருந்தில் எல்லாரும் கறியைப் புகழ்ந்தார்கள். எப்படிக் கிடைத்தது என்று பாதிரியார் கேட்க, டெல்மர் ஒரு கதை கட்டினார். கட்டக் கட்ட அதற்குக் கையும் காலும் முளைத்தன. அந்தச் சீழ்க்கையை ஒரு தடவை அடித்துக் காட்டச் சொன்னார்கள். எழுந்து நின்று அடித்தார். வெளியே ராய்ஸின் பிக்கப் வண்டியில் படுத்திருந்த மேபல் அதைக் கேட்டு எழுந்து, கூட்டத்தைக் கண்டதுபோலக் குரைக்கத் தொடங்கியது. கூடமே ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தது. டெல்மர் தன் சீழ்க்கைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, தானும் சிரித்துக்கொண்டு மேலும் அடித்தார். நாய் தொண்டை கிழியக் குரைத்தது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். ராய்ஸ் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை.

ஆர்லெட்டா எழுந்து வந்து அவர் காதோரம் குனிந்து, "மேபல் குரைக்குது, டெல்மர். உனக்குக் கேக்கல. உக்காரு" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தார். தட்டில் அந்தக் கறி இருந்தது.

விருந்து முடிந்ததும் ராய்ஸைத் தேடி வண்டிக்குப் போனார். காது போனதைச் சொன்னார். சோளம் இறைத்ததையும் சொன்னார். ராய்ஸ் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"சோளத்த விடு. அத நீயும் வேட்டைக் காவலரும் பாத்துக்கங்க. இவள ஏன் சொன்ன?"

ராய்ஸ் அதோடு நிறுத்தவில்லை.

"நான் துப்பாக்கிய எடுக்கும்போதெல்லாம் கயித்த இழுத்துட்டு நின்னா. கெட்ட நாய்னு திட்டியிருக்கேன். உன் பேச்சக் கேட்டு."

நன்றாகக் கேட்கட்டும் என்றே ராய்ஸ் அதை உரக்கச் சொன்னார். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

மறுநாள் டெல்மர் தானே காவலரைக் கூப்பிட்டுச் சொன்னார். வேட்டை லைசென்ஸ் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எழுந்து நின்று பறவை எப்படி வந்தது என்பதையும் சொன்னார். யாரும் கடிந்து பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவரிடம் வேட்டைக் கதை கேட்கவில்லை. ஆர்லெட்டா நகரத்துக்கு அழைத்துப்போய்க் காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தாள். அதில் தட்டு மோதும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

ராய்ஸ் மேபலோடு மலையேறத் தொடங்கினார். இரண்டு நல்ல பறவைகள் கிடைத்தன என்று டெல்மர் மளிகைக் கடையில் பிறர் சொல்லித்தான் கேள்விப்பட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆர்லெட்டா மட்டும் போய்வந்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை ராய்ஸின் வண்டி வந்து வாசலில் நின்றது.

"லைசென்ஸ் இல்லாதவனுக்குத் துப்பாக்கி எதுக்கு? வாய மட்டும் எடுத்துட்டு வா" என்றார் ராய்ஸ். முகத்தில் சிரிப்பு இல்லை.

டெல்மர் ஏறி உட்கார்ந்தார். ஒன்றுமே நடக்காததுபோல மேபல் நடுவில் தாவி வந்து, வால் இருக்கையில் அடிக்க, அவர் கன்னத்தை நக்கியது. அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, மலை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.