அழித்த பென்சில் கோடு

திண்டிவனத்தில், தன் வீட்டு முன்னறையிலேயே பெரிய படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் அக்கா அவர். மெலிந்த உடம்பு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி. ஸ்கேனர் ஓடும்போதெல்லாம் ஃபேனை நிறுத்திவிட்டு, தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

நான் கொண்டுபோனது, பல சார்ட் தாள்களைப் பாய் அளவுக்கு ஒட்டியது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைகளை அண்ணன் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் குறித்துவைத்த படம். போட்டை ஓட்டியது எப்போதும் அவர்தான். எனக்கு வலை மட்டுமே தெரியும். இனி ஆளுக்கொரு போட்டு என்று பிரிந்துவிட்டோம். நகல் எடுத்துக்கொள்ள எனக்கு ஒரே ஒரு பகல் கொடுத்திருந்தார்.

மூடியைக் கழற்றிய சின்ன ஸ்கேனரில் அக்கா படத்தைப் பகுதி பகுதியாக நகர்த்தினார். கிழிந்துவிடுமோ என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஜல்தியா முடியுமாக்கா?"

"பேசாதீங்க தம்பி, தாளு ஆடுது."

நடுவில் ஒருமுறை ஸ்கேனர் கண்ணாடியில் உதிர்ந்திருந்த ரப்பர் தூளைத் துடைத்தார்.

பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, கோடுகளைக் கருப்பாக்கியவர் சட்டென்று நின்றார்.

"தம்பி, அழிச்சதெல்லாம் தெரியுது. அப்படியே உட்டுடட்டுமா, சுத்தம் பண்ணிடட்டுமா?"

தாளில் கண்ணுக்குத் தெரியாத ஐந்து பெருக்கல் குறிகள் திரையில் மங்கலாக நின்றன.

"உட்டுடுங்கக்கா."

அது என்ன படமென்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் அழித்ததைப் பற்றிய அந்த ஒரு கேள்வியை மட்டும் ஏன் அவ்வளவு மெதுவாகக் கேட்டார்?