எண்பது குதிரை வண்டி

போன வாரம் என் இளைய மகன் புதுக்கார் வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். மிட்டாய் கொடுத்தான். சாவியை என் கையில் வைத்து எடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். "அத்தா, நூத்தி இருபது குதிரைசக்தி" என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கார் முன்னால் நின்று குதிரைக் கணக்குப் பேசுவதை எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நிறுத்திவிட்டோம். அது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

புதுக்காரின் பெட்ரோல் வாசனை எனக்குத் தனியாக வருவதில்லை. கூடவே சுக்கு வாசனையும் வரும். ஐம்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் ஒரு மிளகு, சுக்குக் கிடங்கில் எனக்கு வேலை. சாக்குமேல் மையால் அடையாளம் போடுவது. என் சட்டையில் அழியாமல் இருந்த எழுத்தை வைத்து, என்னையும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று கேலி செய்வார்கள். கிடங்குக்கு எதிரே ஒரு சாயாக்கடை. அதன் பக்கத்தில்தான் ஹமீதண்ணன் தன் வாடகைக் காரை நிறுத்துவார். எங்கள் ஆட்களின் கல்யாணத்துக்கும் கபுறடியில் அடக்கத்துக்கும் அந்த ஒரே வண்டிதான்.

சீமையில் செய்த வண்டி. செய்தவர்கள் கணக்கில் பத்துக் குதிரை. கப்பல் கம்பெனி துரை ஓட்டியவரை அது பத்தாகவே இருந்தது. கொப்பரை வியாபாரி கைக்கு வந்தபோது முப்பது. விற்கிறவன் கூட்டிச் சொல்வான். வாங்கினவன், தான் ஏமாந்தது வெளியே தெரியக்கூடாதென்று இன்னும் கொஞ்சம் கூட்டுவான். அப்படித்தான் எங்கள் தெருவில் குதிரைகள் குட்டி போட்டன. ஹமீதண்ணனிடம் வந்தபோது அறுபது. ஒரு பெருநாளைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். மறுநாள் எண்பது.

இதைக் கேட்டால் அப்பாஸ் மச்சானுக்கு உடம்பு முழுக்க அரிக்கும். மச்சான் என் சைனபா அக்காவின் புருஷன், எங்கள் கிடங்கின் தராசுக்காரர். யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்.

"ஒத்தக் குதிரை ஜட்கா நின்னாலே தெரு நாறும். எண்பது நிக்கிற எடத்துல ஒரு லத்தியக் காணோமே, ஹமீதண்ணே."

"பெட்ரோல் குடிக்கிற குதிரைடா. பொகைதான் விடும்."

"நேத்து பள்ளிவாசல் பக்கம் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனீங்களாமே?"

"தள்ளல. மேய்ச்சலுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

சாயா அடிக்கிற சேட்டன் சிரிப்பில் பாதிச் சாயாவைக் கீழே ஊற்றுவார். நான் இரண்டு பேருக்கும் சிரிப்பேன். அந்த வயதில் சிரிக்க எனக்குக் கட்சி தேவைப்படவில்லை. என் ஓட்டைச் சைக்கிளுக்கு அரைக் குதிரை என்று நானே போட்டு வைத்திருந்தேன்.

ஆனால் தெருவில் பலர் அந்த எண்ணை நம்பினார்கள். ஜட்காவில் ஒரு குதிரை நாலு பேரை இழுக்கிறது. அப்போது எண்பது குதிரைக்கு ஆள் ஒரு பாரமா? கல்யாணம் என்றால் அடைத்துக்கொண்டு ஏறுவார்கள். ஹமீதண்ணன் யாரையும் இறக்கிவிட்டதில்லை. இறக்கினால் குதிரை குறைந்துபோகுமே. மட்டாஞ்சேரி தட்டையான ஊர். ஒரு பொய் தடுக்கி விழ அங்கே மேடு கிடையாது. எறணாகுளத்துக்குத் தாண்டிப் போனால் தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றம் ஒன்றுதான்.

அக்காவுக்கு அது தலைப்பிரசவம். நல்ல மழைக்காலம். மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம், மருத்துவச்சி பீவி மாமி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "பிள்ளை குறுக்க கெடக்கு. எனக்கு அடங்காது. ஜெட்டில போட் நிக்கும், எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க."

மச்சான் ஜெட்டிப் பக்கம் போகவில்லை. சாயாக்கடைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஹமீதண்ணே, பாலம் ஏறுமா?"

"எண்பது குதிரைடா. போட் கயிறு அவுக்கறதுக்குள்ள நாம அக்கரையில நிப்போம்."

வேறு நாளாக இருந்தால் அந்த எண்பதில் எழுபதை மச்சான் கழித்திருப்பார். அன்றைக்கு ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. நீங்களும் கழித்திருக்க மாட்டீர்கள்.

பிரசவத்துக்குப் போகிறவளைத் துணையில்லாமல் அனுப்புவது எங்களில் வழக்கமில்லை. நாதியத்தவள் என்று பேசிவிடுவார்கள். அம்மா, குப்பி என்று நாங்கள் கூப்பிடும் அத்தை, மச்சானின் தாயார், சின்னம்மா, பீவி மாமி எல்லாரும் ஏறினார்கள். தலையணை, பிளாஸ்க், வெந்நீர்ப் பானை. பக்கத்து வீட்டு அம்மாள் மக்காவின் ஜம்ஜம் தண்ணீரோடு வந்து ஏறியவர் இறங்கவேயில்லை. ஹமீதண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தார். குப்பி முந்திக்கொண்டார்: "எண்பது குதிரை கட்டி வெச்சிருக்கே தம்பி, நாலு பொம்பளை உனக்குப் பாரமா?" சாயாக்கடையே பார்த்துக்கொண்டிருந்தது. ஹமீதண்ணன் திறந்த வாயை மூடிக்கொண்டார். நான் முன்சீட்டில் ஒடுங்கினேன். மச்சான் வெளியே படியில் தொற்றிக்கொண்டார்.

பாலத்தில் பாதி ஏற்றம் ஏறியது. பிறகு உறுமியது. பிறகு பின்னால் சரிந்தது.

"சூடாகட்டும். இதோ, இப்ப ஏறிடும்" என்றார் ஹமீதண்ணன். மறுபடி உறுமினார். மறுபடி சரிந்தோம். எல்லாரும் இறங்குங்க என்று ஒரு வார்த்தை; அது அவர் தொண்டைவரை வந்து நிற்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. பின்னால் அக்கா கத்துவதை நிறுத்திவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். கத்தினாலாவது தேவலை.

கைவண்டி தள்ளி வந்த தொழிலாளிகளில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஆளெ எறக்கு சேட்டா. இது ஏறில்ல."

மச்சான் மழையில் தொங்கியபடி அவருக்குப் பதில் சொன்னார். "எண்பது குதிரை. ஏறும்."

எத்தனையோ பேச்சை மறந்துவிட்டேன். அந்த மூணு வார்த்தை போகமாட்டேன் என்கிறது.

எஞ்சின் அணைந்தே போன பிறகுதான் மச்சான் இறங்கினார். கதவைத் திறந்து, யாரையும் பார்க்காமல், "எல்லாரும் எறங்குங்க" என்றார். பெண்கள் மழையில் நின்றார்கள். நாங்களும் தொழிலாளிகளும் அக்காவை மட்டும் வைத்து வண்டியை உச்சிக்குத் தள்ளினோம். தூரத்தில் காயலில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. எறணாகுளம் போட்தானோ என்னவோ, மச்சான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெலிங்டன் தீவுப் பக்கம் இறக்கத்தில் உருண்டுபோய் வண்டி நின்றது. அங்கே ஒரு துறைமுக லாரிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர், "கொறச்சு நேரத்தெ…" என்று, கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் என்பதைச் சொல்ல ஆரம்பித்து, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்காவும் பிள்ளையும் அன்றைக்கே மௌத்தாகிப் போனார்கள்.

மையத்தைச் சுமக்கும் சந்தூக்கைத் தூக்க ஹமீதண்ணன் தோள் கொடுத்தார். மச்சான் தடுக்கவில்லை. யாரும் ஹமீதண்ணனை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வழக்கம்போல இருவரும் சாயாக்கடைக்கு வந்தார்கள், அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சேட்டன் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் சாயா அடித்தார்.

மழைக்காலம் முடிந்து, தேவராவிலிருந்து ஒருவர் அந்த வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். சுற்றி வந்து பார்த்தார், டயரை உதைத்தார். "எத்தனை குதிரை?"

"பத்து" என்றார் ஹமீதண்ணன். "மேட்டுல மூணு பேருக்கு மேல ஏத்தாதீங்க."

"எண்பதுன்னுல்ல ஊர்ல சொன்னாங்க?"

பெஞ்சிலிருந்து மச்சான் கிளாஸைப் பார்த்தபடி, "அவர் சொல்றதுதான் சரி. பத்து" என்றார்.

அத்தனை வருஷத்தில், பாலத்தில் நின்ற நாளை விட்டால், அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். வண்டி போயிற்று. கிடங்கும் சாயாக்கடையும் பிறகு போயின, அவர்களும் போனார்கள். அந்தக் குதிரைக் கணக்குச் சண்டை மட்டும் இதற்கெல்லாம் முன்னாலேயே, அன்றைக்கு அந்தப் பெஞ்சில், முடிந்துபோனது.