சிவலையும் புதுக் கயிறும்

எனக்கு வெளியில் எதிரி தேவையில்லை. என் வாய் போதும். ஐம்பத்தெட்டு வயதுக்குள் இந்த வாயால் நான் கெடுத்துக்கொண்டவற்றை எழுதினால் ஒரு கொப்பி காணாது. ஆனால் அந்தப் பங்குனியில் நான் விட்ட வார்த்தையைப்போல ஒன்றை என் விரோதிகூட எனக்குச் செய்திருக்கமாட்டான்.

புத்தூரில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். அதோடு எனக்கு மாட்டு வண்டில் சவாரிப் பைத்தியம். இரண்டிரண்டு மாடு பூட்டிய இரண்டு வண்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, புல்தரையில் ஒரே மூச்சில் ஓடி முடிக்கிற போட்டி அது. ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் முடிந்துவிடும். அதற்காக வருடம் முழுவதும் மாட்டைக் குளிப்பாட்டி, முட்டையும் உளுந்தும் தீத்தி, காலில் எண்ணெய் தேய்த்துவிடுவேன். பெண்டாட்டிக்கு ஒரு நாளாவது தலைவலித் தைலம் தேய்த்துவிட்டீர்களா என்று என் மனைவி கேட்பாள். இல்லைத்தான்.

சிவலை எங்கள் வலப்பக்கத்து மாடு. அவன் பிறந்த நாலாம் நாள் தாயைப் பாம்பு கடித்தது. என் மனைவிதான் போத்தலில் பால் பருக்கி அவனை ஆளாக்கினாள். பதின்மூன்று வயதாகியும் அவள் குரல் கேட்டால் கன்றைப்போலத் தலையை ஆட்டுவான். முதலாம் பிரிவில் ஒன்பது வருடம் ஓடினான். ஒரு தடவைகூட முதலாவதாக வரவில்லை. முக்கால்வாசித் தூரம் முன்னுக்கு நிற்பான். கோட்டுக்குக் கிட்டப் போனதும் ஒரு பக்கமாக நெளிந்து, நுகத்தைக் கோணலாக்கி, வென்ற ஓட்டத்தைத் தோற்பான். இடப்பக்கத்து வெள்ளையை நான் மூன்று தரம் மாற்றிவிட்டேன். தோல்வி மட்டும் மாறவில்லை.

பங்குனிச் சவாரியிலும் அதேதான் நடந்தது. வியர்த்து விறுவிறுத்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு நிற்கிறேன். கொழும்புத்துறைப் பக்கத்து மாட்டுத் தரகர் ஒருவர் வந்தார். கிழட்டு மாடுகளை இறைச்சிக்கு ஏற்றுகிறவர். சிவலையின் முதுகில் தட்டிச் சொன்னார்.

"அண்ணை, உது இனிச் சவாரிக்கு இல்லை. சட்டிக்குத்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"வருசப் பிறப்புச் சவாரிக்கு வா! அதிலையும் இவன் தோத்தால் கயிறோடை வந்து நில். சும்மா அவிட்டுத் தாறன்!"

பக்கத்தில் அறிவிப்புக்காரர் ஒலிவாங்கியோடு நின்றதை நான் கவனிக்கவில்லை. என் வார்த்தை ஒலிபெருக்கியில் திடல் முழுக்கக் கேட்டது. சனம் கைதட்டியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் ஒரு வாயில்லாச் சீவனைக் கெடுத்தேன்.

கயிறு என்று நான் சொன்னதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் உண்டு. மாட்டை விற்கிறவன் தன் கயிற்றைக் கொடுக்கமாட்டான். கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. வாங்குகிறவன் தன்னுடைய கயிற்றைக் கொண்டுவந்து கட்டுவான். விற்றவன் தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவான். ஒருவன் வெறுங்கயிறோடு தனியே வந்தால், மாடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

நான் வீடு வருவதற்கு முன்னமே செய்தி வந்துவிட்டது. மனைவி ஒரேயொரு தடவை பேசினாள்.

"வாய்க்கொழுப்புச் சீலையாலை வடியுது உங்களுக்கு. நான் பால் குடுத்து வளத்தது இறைச்சிக்கோ?"

அதோடு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சிவலைக்குத்தான் சொல்வாள். "சிவலை, உன்ரை ஆளுக்குச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு." நானும் வெட்கமில்லாமல் மாட்டைப் பார்த்து, "ஓம், குடிக்கிறன் எண்டு சொல்லு" என்பேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இல்லை.

சொன்ன சொல்லை மீறலாமே என்று நீங்கள் கேட்கலாம். சவாரிக்காரனுக்குச் சொல் போனால் அதற்குப் பிறகு அவனோடு ஒருவரும் மாடு சேர்த்துப் பூட்டமாட்டார்கள். அது பரவாயில்லை என்றும் ஒருநாள் நினைத்தேன். தரகரிடம் கெஞ்சிக் கேட்பது என்று கொழும்புத்துறைக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். அவர் கதிரை போட்டு, தேநீர் தந்து, "என்ன அண்ணை விசயம்?" என்றார். தேவையில்லாத இடத்தில் கிழியக் கிழியப் பேசுகிற என் வாய், அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. "சும்மா, மீன் வாங்க வந்தனான்" என்றேன். ஒரு கிலோ ஒட்டி மீனோடு திரும்பி வந்தேன். மனைவி அந்த மீனைப் பூனைக்குப் போட்டாள்.

நாட்கள் ஓடின. சிவலை முட்டையைத் துப்பினான். எழும்பும்போது முன்னங்கால் முட்டியில் சடக்கென்று முறிகிறமாதிரிச் சத்தம் கேட்கும். அவனைக் கட்டுகிற கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். இவன் வெல்லமாட்டான் என்று எனக்கு நல்லாகத் தெரிந்திருந்தது.

சவாரிக்கு மூன்று நாள் இருக்கும்போது, கனடாவிலிருக்கும் மகள் பழைய ஓட்டங்களின் காணொளிகளை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். "அப்பா, ஏன் தோக்கிறான் எண்டு வடிவாப் பாருங்கோ" என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். வண்டில் ஓட்டுவது நான்தான். எங்கள் தடிகளின் நுனியில் ஆணி இருக்கும். கூடாது என்று விதி. எல்லோருடைய தடியிலும் இருந்தது. கடைசி ஐம்பது யார் தூரத்தில் கையை ஓங்கிக் குத்துவது எல்லோருக்கும் வழக்கம். நானும் ஓங்குகிறேன். தடி மேலே போகிறது. அது இறங்குவதற்கு முன்னமே, என் கையின் நிழல் விழுந்தவுடனேயே, சிவலை நெளிகிறான். எல்லா ஓட்டத்திலும் அப்படியே. ஒன்பது வருடமாக அவனைத் தோற்கடித்தவன் நான்.

எட்டு வருடத்துக்கு முன்பே மனைவி சொன்னாள், "அவன் உங்கடை கைக்குப் பயப்பிடுறான்" என்று. "சவாரியைப் பற்றி உமக்கென்ன தெரியும்?" என்று கேட்டேன் நான். பெரிய சவாரிக்காரன்!

வருடப் பிறப்பன்று மனைவி வாசலுக்கு வரவில்லை. சிவலையின் நெற்றியில் திருநீறு பூசி, அவன் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

முதல் இரண்டு ஓட்டத்திலும் எங்களோடு ஓடியவை சோம்பல் மாடுகள். தப்பினோம். இறுதி ஓட்டத்துக்கு வந்தவை இரண்டும் நாலு பல் போட்ட இளங்காளைகள். தடியை விட்டுவிட்டு ஏறத்தான் நினைத்தேன். சனம் சிரிக்கும் என்று கையில் எடுத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு மானம்!

கொடி விழுந்தது. பாதித் தூரம்வரை சேர்ந்தே போனோம். பிறகு அவர்கள் அரைக் கழுத்து முன்னுக்குப் போனார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் தரகர் தெரிந்தார். அவர் தோளில் மஞ்சளாக ஒரு புதுக் கயிறு. அதைக் கண்டதும் என் கை தானாகவே மேலே போனது. சத்தியமாக நான் ஓங்கவில்லை, அதுவாகவே போனது. சிவலையின் தோள் ஒடுங்கியது.

தடியைத் தூக்கி எறிந்தேன்.

பிறகு என்னிடம் இருந்தது வாய்தான். "அடிக்கமாட்டன் ராசா! ஓடடா! இனி அடிக்கவே மாட்டன்! கயிறு நிக்குதடா, என்ரை ஐயா, ஓடடா!" ஒன்றுக்கும் உதவாத அந்த வாயால், தொண்டை கிழிய, அழுது அழுது கத்தினேன். சிவலை நெளியவில்லை. அந்தக் கிழட்டுக் கால்களுக்குள் எங்கேதான் கிடந்ததோ, கழுத்தை நீட்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். கோட்டைக் கடந்தபோது அவன் மூக்கு முன்னுக்கு நின்றது.

தரகர் வந்தார். சிரிக்கவில்லை. கயிற்றைத் தோளிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

"நல்ல கயிறு அண்ணை. இவனுக்கே கட்டுங்கோ."

ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. குரல் அடியோடு போய்விட்டது.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மாடுகளை ஏற்றிக்கொண்டு வந்தோம். எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழையாது. முச்சந்தியில் இறக்கினோம். சிவலை நொண்டி நொண்டித்தான் நடந்தான். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அவனை மெல்லக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, நான் முன்னால் ஓடினேன். மனைவிக்குச் செய்தி தெரியாது. கைபேசியை நிறுத்தி அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படலையைத் தள்ளினேன். முற்றத்தில் நின்றவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். என் கையில் சுருட்டிய கயிறு.

அது புதிதா பழையதா என்று பார்க்கிற நிலையிலா அவள் இருந்தாள்? அப்படியே மண்ணில் குந்தினாள்.

"குடுத்துப்போட்டு வந்திட்டியளோ? ஐயோ, என்ரை பிள்ளையைக் குடுத்துப்போட்டுக் கயிறோடை வந்திட்டியளோ!"

இல்லையடி, வென்றுவிட்டான், வருகிறான் என்று சொல்ல வேண்டும். என் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சொல் வரவில்லை. கையை ஆட்டினேன். அவள் மண்ணை அள்ளி என்மேல் எறிந்தாள். வாழ்நாளெல்லாம் வேண்டாத இடத்தில் பேசியவனுக்கு அது வேண்டும்தான்.

அப்போது ஒழுங்கையில் சிவலை கத்தினான்.

அவள் எழுந்து ஓடினாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு வலப்பக்கம் வந்து, தொடையையும் பின்புறத்தையும் உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தாள். பழைய தழும்புகள் இருந்தன. புதிதாக ஒரு ஆணிப் புண்ணும் இல்லை. இன்னொரு தடவை தடவினாள். பிறகு திரும்பி, மூன்று கிழமைக்குப் பிறகு முதல்முறையாக, மாட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்பிட்டியளோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.