நாலு வீட்டுத் தேத்தண்ணி

ஹட்டனிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் வரும் பஸ்ஸின் நடத்துனர்தான் எனக்குச் செய்தி சொன்னார். "நம்ம தேத்தண்ணி மிஸ் போயிட்டாங்களாம் டீச்சர். விடியக்காலம் ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிருச்சாம்" என்றார். நான் பாடசாலைச் சந்தியில் இறங்க மறந்து கடைசித் தரிப்பிடம் வரை போய்விட்டேன். அவரும் என்னைக் கூப்பிட்டு இறக்கிவிடவில்லை.

பிரதேச செயலகத்தில் அவர் திலகவதி, சிறுவர் விவகாரம் பார்க்கும் உத்தியோகத்தர். எனக்குத் திலகா அக்கா. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அவர் தேத்தண்ணி மிஸ். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தகவல் வந்தால் அக்கா நேரே அந்த வீட்டுக்குப் போக மாட்டார். ஆபீஸ் ஜீப்பையும் எடுக்க மாட்டார். கீழ்ச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பும் பெண்களோடு கதைத்துக்கொண்டே மேலே ஏறுவார். லயத்தின் முதல் வீட்டுக் காம்பராவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். அடுத்த வீட்டிலும் குடிப்பார், அதற்கடுத்த வீட்டிலும் குடிப்பார். அதன் பிறகுதான் தான் தேடி வந்த கதவைத் தட்டுவார். அவர் யாருக்காக வந்தார் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. "ஒரு வீட்டுக்கு மட்டும் போனா அது விசாரணை. நாலு வீட்டுக்குப் போனா நான் விருந்தாளி" என்பார்.

விருந்தாளிக்கு எங்கள் ஆட்கள் சீனியை அள்ளித்தான் போடுவார்கள். அக்காவுக்கோ சீனி வியாதி. ஒருமுறை வாய் விட்டுத் திட்டியிருக்கிறேன், சீனி வேண்டாம் என்று சொன்னால் என்ன, வாய் வெந்துவிடுமா என்று. அவர் சிரித்தார். ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொல்லி, கேட்காமலே போட்டுத் தரும் இன்னொரு வீட்டில் குடித்தால் அன்று முழுக்க லயத்தில் அதுதான் பேச்சு என்றார். கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் போயின. சேவையில் தன்னை உருக்கிக்கொண்டார் என்று இரங்கல் கூட்டத்தில் அழகாகப் பேசினார்கள். இத்தனை தோட்டத்துக்கும் தமிழ் தெரிந்த இன்னொரு ஆளைத் தாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததை யாரும் பேசவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அவரோடு ஒருமுறை நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். அக்கா தங்கையான இரண்டு பிள்ளைகளை வெவ்வேறு சிறுவர் இல்லங்களுக்கு அனுப்பும்படி உத்தரவானது. இருவரையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எந்த இல்லத்திலும் இடம் இல்லையாம். அவர்களை அடித்து நொறுக்கிய அப்பன் வெளியே வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னார்: "புள்ளையக் காப்பாத்துறோம்னு புள்ளையத்தான் வெளியேத்துறோம். அடிக்கிறவன் வீட்டுலயே இருக்கான்." அதற்குப் பிறகு இல்லத்துக்கு அனுப்புவதைக் கடைசி வழியாகவே வைத்திருந்தார். முதலில் சொந்தத்தில் ஓர் ஆளைத் தேடுவார்.

பவித்ராவுக்கும் அப்படித்தான் தேடினார். பவித்ரா என் வகுப்புப் பிள்ளை. பாடசாலை விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல், கூட்டிய வகுப்பையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருப்பாள். மலையில் கொழுந்து பறிக்கும் அம்மா இறங்கி வரும் வரை வீட்டில் சித்தப்பா மட்டும்தான் இருப்பார். அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர் அவர். அவள் எதையும் வாய் திறந்து சொல்லவில்லை. விளக்குமாறு அவள் கையை விட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான். நான் அக்காவிடம் சொன்னேன். அவர் நாலு வீட்டில் தேத்தண்ணி குடித்தார். பிறகு இன்னொரு நாளும் வந்து குடித்தார். மூன்றாவது தடவையில் பவித்ராவின் அம்மா ஜெயா வாய் திறந்தார். இறம்பொடையில் பெரியம்மா இருக்கிறார், பிள்ளையை அங்கே விடலாம் என்று முடிவானது. பிள்ளை அங்கே போன பிறகு பொலிசில் முறைப்பாடு செய்யத் தாயும் சம்மதித்தார். அந்த வாரம்தான் அக்கா மயங்கி விழுந்தார்.

விஷயம் வேறு பிரிவிலிருந்து அக்காவுக்குப் பதிலாகக் கடமைக்கு வந்தவரின் கைக்குப் போனது. அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. தாமதிக்கக் கூடாது என்பது சட்டம், அவர் தாமதிக்கவில்லை. மறுநாளே ஜீப் வந்தது, பொலிஸ்காரர் ஒருவரோடு. லயம் முழுக்க வாசலில் கூடி நிற்க, ஜீப் ஜெயாவின் கதவுக்கு நேரே நின்றது. கேள்விகளைச் சிங்களத்தில் கேட்டார்கள், சாரதி மொழிபெயர்த்தார். சித்தப்பா கைகட்டி நின்று நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லை என்று ஜெயாவும் சொல்லிவிட்டார். திரும்ப வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்ப வந்தபோது பவித்ரா இல்லை. கொழும்பில் ஏதோ வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சித்தப்பா சொன்னார். எந்த வீடு என்று வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகருக்குத்தான் தெரியுமாம்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கப் போனேன். புள்ள பெரியம்மாகிட்ட போயிருச்சா என்றுதான் முதலில் கேட்டார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜீப் எத்தன வீட்டுல நின்னுச்சு?"

"ஒரே வீட்டுலதான் அக்கா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்காவை அடக்கம் செய்த வாரத்தில் நான் அந்த லயத்துக்குப் போனேன். கீழ்ச் சந்தியில் இறங்கி, பெண்களோடு நடந்து, மூன்று வீட்டில் தேத்தண்ணி குடித்தேன். தொண்டை வரை இனித்தது. கடைசியாக ஜெயாவின் வீடு. சித்தப்பா இல்லை. ஜெயாவும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்துவிட்டு, மிஸ் ஏன் வரவில்லை என்று கேட்டார். அவருக்குச் செய்தி எட்டியிருக்கவில்லை. சொன்னேன். எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்தார்.

"மிஸ் வருவாங்க, அவங்ககிட்ட மட்டும் சொல்லுவோம்னு தரகரோட நம்பர வச்சிருந்தேன் டீச்சர்" என்றார். "இப்ப நாலஞ்சு நாளா அதுவும் வேலை செய்யல."

அந்த எண்ணை வாங்கிப் பொலிசில் கொடுத்திருக்கிறேன், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் அறிவித்திருக்கிறேன். விசாரிக்கிறோம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நடை ஒன்றைத்தான். சனிக்கிழமைகளில் அந்த லயத்துக்கு ஏறுகிறேன், நாலு வீட்டிலும் குடிக்கிறேன். ஜெயா கதவைத் திறக்கும்போது பிள்ளையைப் பற்றிச் சேதி உண்டா என்று என் முகத்தைப் பார்க்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். பிறகு அவர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்.